நிறம் ஓடும் நேரம்

இன்னும் வெள்ளைதான். சுண்ணாம்பு வெள்ளை அல்ல, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இரும்பின் வெள்ளை, முகம் தெரிகிற வெள்ளை, தெய்வானை குனிந்தபோது அதில் அவளுடைய மூக்குத்தி ஒரு புள்ளியாகத் தெரிந்தது, தெரியட்டும், அது தெரிகிற வரைக்கும் அவசரமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உலையின் மேல் தடித்த இரும்புப் பலகை. பலகையில் முதுகு படும்படி நிமிர்த்தி வைத்த கத்தி. கத்தியின் வாலைக் குறடு பிடித்திருந்தது, குறட்டை அவள் பிடித்திருந்தாள். காலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியபோதே இது கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, அரம் வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது, அந்த இறுக்கத்தோடு சமையலறைக்கு அனுப்பினால் பூசணிக்காயில் செருகி ஒரு திருகு திருகியவுடன் வெட்டுகிற வாய் உதிர்ந்துவிடும். அதற்குத்தான் இந்த இரண்டாவது சூடு. முதுகில் ஏறும் சூடு மெதுவாக வாய்ப்பக்கம் போகும், போகிற வழியெல்லாம் இரும்பில் நிறம் ஓடும், வாயில் சரியான நிறம் வந்து நிற்கிற நொடியில் எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும். முந்தினால் உதிரும். பிந்தினால் மழுங்கும். இவ்வளவுதான், இருபத்து நான்கு வருஷமாக எதிரே நின்று பார்த்த வேலைதான், ஆனால் குறடு இவள் கைக்கு வந்திருப்பது இன்றைக்குத்தான். குறடு எப்போதும் அவர் கையில், சம்மட்டி இவள் கையில். இன்றைக்கு அவர் கொட்டகைக்கு வெளியே, உடைத்த லாரியிலிருந்து கழற்றி வந்த டிரைவர் சீட்டில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வலது கண்ணில் புரை எடுத்துப் பதினெட்டு நாள். ஒரு மாதத்துக்கு அனல் ஆகாது, புகை ஆகாது, குனியக்கூடாது. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற வசந்தாமணி அக்காவுக்கு ஏழு கத்தி நாளைக் காலையில் போய்ச் சேர வேண்டும். இது முதலாவது.

"ஏ புள்ள, வெச்சுட்டியா?" சென்னியப்பன் சீட்டிலிருந்தபடியே கேட்டார்.

"வெச்சாச்சுங்க."

"பலகை காஞ்சுதா? தண்ணி தெளிச்சுப் பாத்தியா?"

"தெளிச்சனுங்க. உருண்டு ஓடுச்சு."

"அப்பச் சரி. இனிப் பேசாத."

நானா பேசினேன் என்று நினைத்துக்கொண்டாள், சிரிப்பு வந்தது, சிரித்தால் கை ஆடும் என்று அடக்கிக்கொண்டாள். நிறம் ஓடும்போது பேசக்கூடாது. இந்தப் பட்டறையின் சட்டம் அது, அவருடைய அப்பா காலத்திலிருந்து. பேச்சு காதில் விழுந்தால் கண் அரை நொடி அந்தப் பக்கம் போகும், அரை நொடியில் நிறம் தாண்டிவிடும், காரணம் அவ்வளவுதான், சாமி சம்பந்தப்பட்டது ஒன்றுமில்லை, ஆனால் சாமி காரியத்தைவிடக் கறாராக நடக்கும். கத்தி வாங்க வந்தவர்கள் பாதி வார்த்தையோடு அப்படியே நிற்பார்கள். மகள் பிரவீணா தொட்டிலில் கிடந்து அழுதபோதுகூட இவள் தொட்டில் கயிற்றைக் காலால் ஆட்டிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றிருக்கிறாள். மற்ற வேலையிலும் பேச்சுக்கு இடமில்லை, அடி எங்கே விழ வேண்டும் என்று அவருடைய சின்னச் சுத்தியல் தொட்டுக் காட்டும், அங்கே இவளுடைய சம்மட்டி விழும், போதும் என்றால் பட்டறைக்கல்லில் வெறுமனே இரண்டு தட்டு. ஜாக்கெட் தைக்கிற டெய்லரம்மா இரண்டு கைக்கும் தனித்தனியாக அளவெடுப்பாள், "உங்க வலது கை மட்டும் வேற ஆளுதுங்கக்கா" என்பாள். இருக்கலாம், அந்தக் கைக்கும் ஒரு கும்பிடு போட வேண்டியதுதான், ஒரு நாள்கூட வலிக்கிறது என்று வேலையை நிறுத்தியதில்லை. பேசாமலே நடந்த குடித்தனம், அதில் குறை ஒன்றும் தெரிந்ததில்லை. போன பங்குனி வரைக்கும். பங்குனிக்குப் பிறகுதான் அந்தச் சட்டம் அவளுக்கு வேறு விதமாக உதவ ஆரம்பித்தது. அதை நினைக்காதே, கத்தியைப் பார். வெள்ளை. முதுகோரத்தில் மட்டும் ஏதோ, பால் ஆறும்போது மேலே படிகிற ஆடையின் ஓரம் மாதிரி, இல்லை, அது வெளிச்சம். கூரைத் தகரத்தில் ஆணி ஓட்டை ஒன்று இருக்கிறது, ரெண்டு மணி வெயில் அதன் வழியாக இறங்கிக் கத்தி மேல் விழுகிறது, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தோளால் மறைத்துப் பார்த்தால் வெள்ளைதான்.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் கத்தியை எடுத்துத் தண்ணீரில் போட்டார், சொய் என்றது. நிறம் வரவில்லையே. முதுகில் வந்திருந்தது, நடுவில் வந்திருந்தது, வாயில் வரவில்லை, வாய் தும்பைப் பூ மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவள் இருபத்து மூன்று வருஷமாக எதிரே நின்று அந்த நிறங்களைப் பார்த்தவள், அவற்றுக்கு மனசுக்குள் பேர்கூட வைத்திருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை. முதலில் வருவது நெய். அடுத்தது வெல்லப்பாகு. அதைத் தாண்டினால் கத்திரிக்காய்த் தோல். அதையும் தாண்டினால் பேனா மை. சமையல் கத்திக்கு நெய் முடிந்து பாகு தொடங்குகிற இடம், அரிவாளுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி. அவருக்குப் பேரெல்லாம் கிடையாது, கண்ணைச் சுருக்குவார், எடுப்பார். அன்றைக்கு நெய்கூட வராமல் எடுத்தார். நமக்குத்தான் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது, புகை, தூக்கம் கெட்டிருக்கிறது என்று நினைத்தாள். அடுத்த கத்தியும் அப்படித்தான். அதற்கடுத்த வாரம் நாலில் மூன்று. ஆனியில் எல்லாமே. வாயைத் திறந்து "இன்னும் வரலைங்க" என்று சொல்ல மூன்றே வார்த்தை, மூன்றுகூட இல்லை, இரண்டு. நிறம் ஓடும்போது பேசக்கூடாது. சரி, கத்தி தண்ணீருக்குள் போன பிறகு பேசலாம் அல்லவா, சோறு போடும்போது பேசலாம் அல்லவா, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, அவர் பல் விளக்கிக்கொண்டு முற்றத்தில் சும்மா நிற்கும்போது. எத்தனை இடம் இருந்தது. அங்கெல்லாம் அவள் மாவு தீர்ந்துவிட்டது என்றாள், கரண்ட் பில் வந்திருக்கிறது என்றாள், பிரவீணா போன் பண்ணினாள் என்றாள்.

ஏன் என்றால் பயம். வெட்கப்படாமல் ஒத்துக்கொள்ள வேண்டும், கோபித்துக்கொள்வாரே என்ற பயம் இல்லை, அவர் கோபம் மழைக்காலத்து வெயில், வரும் போகும். மாமனாரின் கடைசி வருஷங்கள்தான் பயம். நாற்பது வருஷம் அரிவாள் அடித்த மனுஷன் ஒரு நாள் காய்ந்த இரும்பைக் கையில் எடுக்கப் போனார். இவளைத் தன்னுடைய செத்துப்போன தங்கையின் பேர் சொல்லிக் கூப்பிட்டார். சாப்பிட்ட கை காய்வதற்குள் சாப்பாடு போடவில்லை என்று தெருவில் போய்ச் சொன்னார். அதெல்லாம் தொடங்கியதும் இப்படித்தான், சின்னச் சின்னதாக, வேலையில் ஒரு பிசகு, அப்புறம் இன்னொன்று. மகனுக்கும் அதுவே வந்துவிட்டதோ, ஐம்பத்து மூன்று வயதிலா, அப்பனுக்கு எழுபதில் அல்லவா வந்தது. அவள் திருட்டுத்தனமாக அவரைச் சோதித்துப் பார்த்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே "இன்னைக்கு என்ன கெழமைங்க?" என்பாள். "நம்ம பிரவீணா பத்தாவதுல எத்தன மார்க்குங்க?" என்பாள். அவர் சரியாகச் சொல்லுவார், சொல்லிவிட்டு ஒரு நாள் இவளை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் புள்ள, ஒனக்கு எல்லாம் மறந்து போகுதா? டாக்டர்கிட்டக் காட்டலாமா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார். அந்தக் கவலையில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, வெங்காயம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று. கிழமையும் மார்க்கும் சரியாக இருந்தும் பயம் போகவில்லை. போகாத பயத்தின் மேல் அவள் அந்தச் சட்டத்தை எடுத்துப் போர்த்தி வைத்தாள். பேசினால் அந்தப் பயத்துக்கு ஒரு பேர் வந்துவிடும். பேர் வந்துவிட்டால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஓரத்தில் வந்துவிட்டது. இப்போது வெளிச்சம் இல்லை, நிறம்தான், முதுகோரம் முழுக்க நீளமாக ஒரு நெய்க்கோடு, அகலம் ஒரு அரிசி அளவு. வாய் இன்னும் வெகு தூரம். குறட்டைக் கொஞ்சம் நகர்த்தி முனைப்பக்கத்தை நடுப்பலகையிலிருந்து வெளியே தள்ளினாள், முனை மெல்லிசு, சீக்கிரம் காயும், அது முந்திக்கொள்ளக் கூடாது. இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள், யாரும் இல்லை, கை தானாக நகர்த்திவிட்டது, பார்த்துப் பார்த்துக் கைக்குள் போய்விட்டது போல. நல்ல பட்டை இது. லாரிக்கு அடியில் வில் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பட்டை. சங்ககிரிப் பக்கம் உடைக்கப் போட்ட பத்துச் சக்கர வண்டியிலிருந்து வந்தது, எண்ணெயும் சேறும் சிமெண்ட் தூளும் அப்பிக் கிடந்தது, பிரித்துத் தேய்க்கிறபோது நடுவில் ஒரு நெல் உமி ஒட்டிக்கொண்டிருந்தது, எந்த ஊர் நெல்லோ. வண்டிக்கு மேலே பூப் போடுவார்கள், கண்ணு வரைவார்கள், பிள்ளைகள் பேர் எழுதுவார்கள், இந்தப் பட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நாக்பூருக்கும் கல்கத்தாவுக்கும் பாரத்தைச் சுமந்து பள்ளத்துக்குப் பள்ளம் வளைந்து நிமிர்ந்தது இதுதான். இப்படிப்பட்ட இரும்பைத்தான் அவர் ஒரு வருஷமாகத் திட்டினார். கத்தி உதிர்கிறது என்று ஒவ்வொருவராக வந்து சொன்னபோது "பட்டை சரியில்லம்மா, கலப்படம் பண்ணிட்டான்" என்றார். பழைய இரும்புக்கடை பாயிடம் போய்ச் சத்தம் போட்டார். பாய் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, "ஆசாரி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற இவள் தரையைப் பார்த்தாள். பாய்க்கும் தெரியும், இவளுக்கும் தெரியும், பட்டையில் ஒன்றும் இல்லை. சாணைக்கல்லில் வைத்தால் பொறி எவ்வளவு அழகாகப் பூத்து விழுந்தது.

பிறகு அந்தச் சில்லு. அதை நினைத்தால் இப்போதும் நாக்கு தானாகப் பல்லைத் தடவிப் பார்க்கிறது. ஒரு வளைகாப்பு விருந்தில் பூசணிக்காய்க் கூட்டில் பெரியவர் ஒருவர் கடுக்கென்று கடித்தார், கையில் துப்பிப் பார்த்தார், பரிமாறிக்கொண்டிருந்த வசந்தாமணி அக்கா ஓடிப் போய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு "கல்லுங்கய்யா, பருப்புல கெடந்திருக்கும், மன்னிச்சுக்குங்க" என்று கும்பிட்டிருக்கிறாள். கல் இல்லை. மறுநாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, பட்டறைக்கல் மேல் கத்தியை வைத்து, பக்கத்தில் வாழை இலைத் துண்டில் மடித்திருந்த சில்லையும் வைத்தாள். சில்லு கத்தியின் வாயில் இருந்த பொக்கையில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. அரிசி அளவுதான். அக்கா கத்தவில்லை. எவ்வளவு கத்தியிருக்கலாம். "கல்லுன்னு சொல்லிக் காப்பாத்திட்டன் ஆசாரி" என்றாள். அவர் பட்டை சரியில்லை என்று தொடங்கினார். "எனக்குப் பட்டையத் தெரியாது, உங்களைத்தான் தெரியும். இன்னொரு தடவ என் வாயில கல்லுன்னு வராது, சொல்லிப்புட்டன்" என்றாள். சொல்லிவிட்டு, கண் ஆபரேஷன் முடிந்ததும் ஏழு கத்தி வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த மனுஷிக்கு ஏழு ஜென்மத்துக்கும் வயிறு குளிரட்டும். ஆனால் அந்தப் பெரியவர் கடித்ததால் தெரிந்தது. கடிக்காமல் விழுங்கியிருந்தால். அவர் இலையில் விழாமல் பக்கத்து இலையில், அம்மா மடியில் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருக்கிற ஏதாவது ஒரு பிள்ளையின் இலையில் விழுந்திருந்தால். இங்கேதான் எப்போதும் வந்து சிக்கிக்கொள்கிறது மனசு. ஒரு வருஷம் அடித்த கத்திகள். நூற்றுக்குக் குறையாது. எல்லாம் ஏதோ ஒரு வீட்டில் மேடை மேல் கிடக்கின்றன, இந்த நிமிஷம் யாரோ அதில் பூசணிக்காயைத் திருகிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஏழு நன்றாக வந்துவிட்டால் மட்டும் அந்த நூறு நன்றாகிவிடுமா.

சொல்லாமல் விட்டுவிடலாம். இதுதான் பதினெட்டு நாளாக அவளைத் தின்கிறது. அடுத்த மாதம் அவர் நல்ல கண்ணோடு உலைக்கு வருவார், நிறம் சரியாகத் தெரியும், கத்தி சரியாக வரும், புதுப் பட்டை நல்ல பட்டை என்பார், கதை அத்தோடு முடிந்துவிடும், யாருக்கும் மனம் நோகாது. அவர் இன்னும் கண்ணையும் கத்தியையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. சேர்த்தவள் இவள் ஒருத்திதான், அதுவும் ஜவுளிக்கடையில். பொங்கலுக்கு வேட்டி எடுக்கப் போன இடத்தில் "என்னய்யா பழுத்துப்போன வேட்டியாக் காட்டற, வெள்ளை இல்லையா?" என்று கடைக்காரரிடம் சண்டைக்கு நின்றார். கடைக்காரர் இன்னொரு கட்டைப் பிரித்தார், அதுவும் பழுப்பு என்றார். பிரவீணாதான் மெதுவாக "அப்பா, அது வெள்ளைப்பா, பளிச்சுன்னு இருக்குது" என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது. இவள் அந்த இடத்திலேயே ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள், புடவை பார்க்கிற மாதிரி ஒரு புடவையை மடியில் போட்டுக்கொண்டாள். கண்தானா. கண் மட்டும்தானா. மூளை இல்லையா, மறதி இல்லையா. ஆஸ்பத்திரியில் சோதித்த டாக்டரம்மா "புரை முத்திருச்சுங்க, இவருக்குப் பாக்கறதெல்லாம் மஞ்சளாத்தான் தெரியும்" என்று சொன்னபோது அந்தச் சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நெய் நிறம் அவர் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது. எந்தக் கத்தியைப் பார்த்தாலும் அவருக்கு அது வந்துவிட்டது, பாவம், வராத நிறத்தை வந்ததாக நம்பி எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். கட்டுப் பிரித்த அன்றைக்கு முதலில் இவளைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஒனக்கு இத்தன நரை எப்பப் புள்ள வந்துச்சு?" என்றார். "நாலு வருசமாச்சுங்க." "சொல்லவே இல்ல?" பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள், இவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது அந்தக் கேள்வி மட்டும் உள்ளே தங்கிவிட்டது. சொல்லவே இல்லை.

நடுப்பாதிக்கு வந்துவிட்டது. முதுகு வெல்லப்பாகு ஆகிவிட்டது, ஓரத்தில் கத்திரிக்காய் எட்டிப் பார்க்கிறது, நடுவில் நெய், வாய் வெள்ளை. நெற்றியிலிருந்து ஒரு வேர்வைச் சொட்டு புருவத்தில் இறங்கி நின்றது, துடைத்தால் கண் ஒரு நொடி மறையும். இடது கை தண்ணீர் வாளிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அளந்து பார்த்தது, ஒரு முழம்கூட இல்லை. திடீரென்று போன் அலறியது, சொட்டு மருந்துக்குப் பிரவீணா வைத்துக் கொடுத்த அலாரம், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஏதோ ஒரு சினிமாப் பாட்டின் நாதஸ்வரம். அவள் கண்ணை எடுக்கவில்லை. வெளியே சீட்டின் ஸ்பிரிங் கிரீச்சிட்டது, நாதஸ்வரம் நின்றது, அவரே போட்டுக்கொள்கிறார் போல, "அட, மூக்குல போயிருச்சு" என்று முனகியது கேட்டது. மறுபடி அமைதி. நெய் வாய்ப்பக்கமாக நகர்கிறது, நகர்வது தெரியவில்லை, நகர்ந்திருப்பது மட்டும் தெரிகிறது. இன்னும் ஒரு விரல்கடை.

"ஏ புள்ள," என்றார் வெளியிலிருந்து. "எடு."

அவள் அசையவில்லை.

"எடு, எடு. நேரமாச்சு. எனக்குக் கணக்குத் தெரியாதா, இந்நேரம் வந்திருக்கும்."

வந்திருக்காது. கணக்கும் அந்த ஒரு வருஷத்தில் பழகிய கணக்குத்தான், வெள்ளையில் எடுத்துப் பழகிய கணக்கு. எடுத்துவிட்டால் அவருக்குச் சந்தோஷம். வாயில் பொய்கூடச் சொல்ல வேண்டாம், கையை ஒரு முழம் நகர்த்தினால் போதும், சொய் என்ற சத்தம் அவர் காதில் விழுந்துவிடும். அந்தப் பெரியவர் கையில் துப்பியதை நினைத்தாள், பார்க்காத ஒரு கை, சுருக்கம் விழுந்த கை, நடுவில் அரிசி அளவு இரும்பு.

"இன்னும் வரலைங்க."

சத்தமாகத்தான் வந்தது. கொட்டகைத் தகரத்தில் பட்டு அவளுக்கே திரும்பக் கேட்டது. சீட்டின் ஸ்பிரிங் மறுபடி கிரீச்சிட்டது, செருப்புச் சத்தம், நிழல் ஒன்று வாசலில் நின்றது. அனல் ஆகாது என்று சொல்ல வேண்டும், சொல்ல முடியவில்லை, ஒரு நாளைக்கு ஒரு பேச்சுதான் முடியும் போலிருக்கிறது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, புதுக் கண்ணால், தூரத்தில் நின்றபடியே பலகையைப் பார்த்தார்.

"வாயி வெள்ளையா இருக்குதே," என்றார்.

"ஆமாங்க."

"இந்நேரத்துக்கு நான் எடுத்திருப்பனே." பிறகு இன்னும் மெதுவாக, "இதுலயா எடுத்துட்டிருந்தன்?"

அவள் கத்தியைப் பார்த்தபடியே "ஆமாங்க" என்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. பங்குனியிலிருந்து."

நெய் வாயைத் தொட்டது. முதலில் நடுவில், பிறகு இரண்டு பக்கமும் பரவிக்கொண்டே, மூக்குத்திப் புள்ளி மஞ்சளாகி மங்கி அதற்குள் கரைந்து போயிற்று. அவர் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நெய் தடித்தது, பாகின் முதல் சிவப்பு ஒரு மயிரிழை அதில் ஏறியது, கை எடுத்துவிட்டது, சொய். வாளியிலிருந்து ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. புருவத்தில் நின்ற சொட்டு அப்போதுதான் கீழே விழுந்தது.

அவர் கையை நீட்டினார். கத்தியைக் கையில் கொடுக்கிற வழக்கமில்லை, பட்டறைக்கல்லில் வைத்தாள், எடுத்துக்கொண்டார். வாசல் வெளிச்சத்துக்குப் போய், ஒரு பித்தளைக் கம்பியின் மேல் வாயை வைத்து அழுத்தினார். வாய் நகம் மாதிரி லேசாக வளைந்தது. எடுத்ததும் நிமிர்ந்தது. நீளம் முழுக்க அழுத்திப் பார்த்தார், உதிரவில்லை, வளைந்தபடி நிற்கவுமில்லை. கத்தியைத் திருப்பித் திருப்பி அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வெகு நாள் பார்க்காத ஆளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர் மாதிரி.

"சொல்லியிருக்கலாம்ல."

"நிறம் ஓடறப்பப் பேசக்கூடாதுன்னு…"

"ஏன் புள்ள, ஒரு வருசம் பூராவுமா நிறம் ஓடிட்டிருந்துச்சு?"

அவள் குறட்டைக் கல்லின் மேல் வைத்தாள். "மாமா மாதிரி ஆயிருச்சோன்னு பயந்துட்டனுங்க. உங்கப்பா மாதிரி." சொல்லிவிட்டாள். பயத்துக்குப் பேர் வந்துவிட்டது, ஆனால் அது வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை, வாசலில் ஆவியோடு ஆவியாகப் போய்விட்டது. அவர் பட்டறைக்கல்லின் விளிம்பில் உட்கார்ந்தார், எழுந்தார், குனியக்கூடாது என்பது நினைவு வந்து மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதான் கெழம கேட்டியா," என்றார். பிறகு, "பாயை வேற பேசிப்புட்டன்." பிறகு, "அந்தப் பெரியவரு." அவர் மடியிலிருந்து போனை எடுத்து இவளிடம் நீட்டினார். "வசந்தாமணிக்குப் போடு. எழுத்து இன்னும் ஆடுது."

அவள் போட்டு, ஸ்பீக்கரை அமுத்திப் பிடித்தாள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே வசந்தாமணியின் குரல் வந்தது.

"என்ன ஆசாரி, நாளைக்கு இல்லையா?"

"இருக்குதும்மா. அதுக்கில்ல. போன தடவ பட்டை சரியில்லன்னு சொன்னனே, அது பொய். தெரிஞ்சு சொன்ன பொய்யில்ல, ஆனாப் பொய். பட்டை நல்ல பட்டை. எங்கண்ணுதான். புரையில நிறம் தெரியாம வெள்ளையிலயே எடுத்திருக்கறன். ஒரு வருசமா. உங்கிட்ட இருக்கற பழைய கத்தி ஒண்ணையும் நாளைக்கு அடுப்படியில சேக்காத. பூராத்தையும் கொண்டா. பிடியைக் கழட்டிப் போட்டு மறுபடி பலகையில வெச்சு எடுத்தாச் சரியாயிரும், இரும்பு கெடல."

"கண்ணா?" என்றாள் வசந்தாமணி. "அடப் போங்க ஆசாரி. நான் குடின்னு நெனச்சுட்டன்."

"என்னது?"

"இத்தன வருசமாக் குடிக்காத மனுசன் இப்பப் போயி ஆரம்பிச்சுட்டாருன்னு. தெய்வானைகிட்டக் கேக்கலாமான்னு வருவன், அதும் மூஞ்சியப் பாத்தா அதுவே நொந்து போயி இருக்குது, சரி, நம்ம எதுக்குக் கிண்டறதுன்னு வாய மூடிட்டுப் போயிருவன்."

தெய்வானை இந்தத் தடவை அடக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார், போனுக்குள் வசந்தாமணியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் "அப்ப நாளைக்குக் கத்தி யாரு எடுக்கறாங்க?" என்று அக்கா கேட்டாள், குரலில் கொஞ்சம் கறார் இருந்தது, இருக்க வேண்டியதுதான். "தெய்வானை எடுக்கறா," என்றார் அவர். "ஒண்ணு எடுத்துட்டா. நானே அழுத்திப் பாத்தன். நான் இப்ப ஒரு கண்ணுல பாத்த நிறம் அவளுக்கு இருபது வருசமா ரெண்டு கண்ணுலயும் தெரிஞ்சிருக்குது." போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை கொட்டகைக்குள் இருந்தது, எதிரே நின்று பேசாமல் பார்த்த இத்தனை வருஷமும் வீண் இல்லை, அதை அவர் வாயாலேயே அக்காவிடம் சொல்லிவிட்டார். போதும் என்று தோன்றியது, பிறகு போதாது என்று தோன்றியது, ஏனென்றால் வெளியே அந்த நூறு கத்தியும் அப்படியே இருந்தன.

அவருக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடி, அந்த வருஷம் கத்தி வாங்கிப் போனவர்களை விரல் மடக்கி எண்ணினார், பால் சொசைட்டிக்காரர், ஐ.டி.ஐ. மாஸ்டர், மேம்பாலத்து ஓட்டல், அந்த ரெண்டு அக்கா தங்கச்சி. மடக்கி மடக்கி விரல் தீர்ந்து, கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கிருந்து புள்ள ஆரம்பிக்கறது?"

தெய்வானை இரண்டாவது கத்தியைத் துடைத்துக் குறட்டில் பிடித்திருந்தாள். பலகை காய்ந்துகொண்டிருந்தது. யோசிக்கவே தேவையிருக்கவில்லை, ஒரு வருஷமாக அந்தப் பட்டியல் அவளுக்குள் தயாராக இருந்திருக்கிறது.

"குழந்த இருக்கற ஊட்டுக்கெல்லாம் மொதல்ல போவமுங்க," என்றாள்.